ஒரே விரிப்பு, இரண்டு மேஜை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லேங்கஸ்டர் கவுண்டியில், காரை விட்டுக் குதிரை வண்டியோடு பழைய ஒழுங்கில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ்காரர் வீட்டுச் சமையலறை. நீள மேஜை ஒன்று, அதன் கடைக்கோடியில் சின்ன மேஜை ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இரண்டையும் சேர்த்து மூடியபடி ஒரே விரிப்பு. புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அது ஒரே மேஜைதான். விரிப்பு எந்த இடத்தில் லேசாகக் குழிகிறது என்பது வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரியும். சின்ன மேஜையில் உட்கார்ந்திருப்பவர் சபையிலிருந்து விலக்கப்பட்ட மகன். அவருக்கும் அதே அடுப்பில் வெந்த சோறுதான், அதே அம்மா கைதான் பரிமாறுகிறது. ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் விலக்கப்பட்டவரோடு ஒரே மேஜையில் சாப்பிடக்கூடாது என்று சபை சொல்கிறது. அந்த அம்மா சபையை மீறவில்லை. மகனை அடுத்த அறைக்கும் அனுப்பவில்லை. விரிப்பைக் கொஞ்சம் நீளமாகத் தைத்துவிட்டாள்.

ஆமிஷ் குடும்பங்களைப் பற்றி எழுதப்படும் நாவல்களில், முக்கியமாகக் கைவிடப்படுவதையும் மன்னிப்பதையும் பற்றிய நாவல்களில், பாதிக்கு மேல் இந்த ஒரு விரல் இடைவெளியில்தான் தடுக்கி விழுகின்றன. முந்நூறு பக்கம் கோபத்தை வளர்த்து, கடைசி அத்தியாயத்தில் கண்ணீரோடு மன்னிப்பு. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ள, கதை முடிந்தது. ஆமிஷ் வாழ்க்கையில் வரிசை நேர்மாறு. மன்னிப்பு முதல் நாளே வந்துவிடும், வந்தாக வேண்டும். ஆண்டுக்கணக்காக வராமல் இழுப்பது மேஜை. மன்னிப்பது ஒரு காரியம், சேர்த்துக்கொள்வது இன்னொரு காரியம். இரண்டையும் ஒன்றாக்கினால் கதையில் மிச்சமிருப்பது சென்டிமென்ட் மட்டும்தான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. இந்த வகை நாவலை எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பெரும்பாலும் ஆமிஷ்காரர்கள் இல்லை, அமெரிக்க இவாஞ்சலிக்கல் (சுவிசேஷ) சபைகளைச் சேர்ந்த பெண்கள். 1997-இல் பெவர்லி லூயிஸின் ‘தி ஷன்னிங்’ வந்து பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பிறகுதான் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் இதற்கென்று தனி அலமாரியே முளைத்தது. அட்டையில் வெள்ளைக் குல்லா அணிந்த பெண், பின்னால் சோள வயல், தூரத்தில் குதிரை வண்டி. வாசகரின் சபையில் மன்னிப்பு என்றால் உள்ளம் உருகுவது, பாரம் இறங்குவது, சாட்சி சொல்வது. அதையே ஆமிஷ் பெண்ணின் வாயில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் ‘நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன்’ என்று ஒருவர் உறுதியாகச் சொன்னாலே பழைய ஒழுங்கு ஆமிஷ் சபையில் அதைப் பெருமை என்பார்கள். நம்பிக்கை வைக்கலாம், அறிவித்துக்கொள்ளக்கூடாது.

ஆமிஷ் என்ற பிரிவு உண்டானதே இந்தச் சிக்கலில்தான். 1693-இல் சுவிட்சர்லாந்து, அல்சேஸ் பகுதிகளில், வளர்ந்தவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கும் அனபாப்டிஸ்ட் சபைகள் இரண்டாக உடைந்தன. விலக்கப்பட்டவரைத் திருவிருந்திலிருந்து மட்டும் நிறுத்தினால் போதும் என்றார் ஹான்ஸ் ரைஸ்ட். வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் நிறுத்த வேண்டும் என்றார் யாக்கோப் அம்மான். எதிர்த்தரப்பு ஊழியர்களை அவர் வரிசையாக விலக்கிவைத்தார். ஏழு வருடம் கழித்து, அவசரப்பட்டுவிட்டோம் என்று அம்மானும் கூட்டாளிகளும் ஒப்புக்கொண்டு, தங்களைத் தாங்களே விலக்கிக்கொண்டு சமாதானம் கேட்டார்கள். மறுதரப்பு ஏற்கவில்லை. அம்மான் பெயரால் வந்ததுதான் ஆமிஷ். மன்னிப்புக்குப் பேர்போன ஒரு சமூகத்தின் முதல் பக்கத்திலேயே கைகூடாத ஒரு மன்னிப்பு இருக்கிறது. நாவலாசிரியர்கள் இதை அதிகம் தொடாதது ஆச்சரியம்தான்.

கதை எழுத உட்காருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரு தேதி. வீட்டை விட்டுப் போனவர் ஞானஸ்நானத்துக்கு முன்னால் போனாரா, பின்னால் போனாரா? பதினாறு வயதில் தொடங்கும் ரும்ஷ்ப்ரிங்கா என்ற இளமைச் சுற்றல் காலத்தில் பிள்ளைகள் இன்னும் சபை உறுப்பினர்கள் இல்லை. ஞானஸ்நானம் பெரும்பாலும் 18 முதல் 22 வயதுக்குள். அதற்கு முன் கோடையில் ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிறு, 1632-இல் எழுதப்பட்ட டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 18 பிரிவுகளையும் சொல்லிக்கொடுப்பார்கள். பதினேழாவது பிரிவு, விலக்கப்பட்டவரைத் தவிர்ப்பது பற்றியது. கடைசிக் கட்டத்தில் ஊழியர்கள் வாய்ப்பும் கொடுப்பார்கள்: செய்துவிட்டு மீறுவதைவிடப் பொருத்தனை செய்யாமலே இருப்பது மேல், பின்வாங்குவதானால் இப்போதே பின்வாங்கலாம் என்று.

ஆக, 17 வயதில் ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிப்போன பையனுக்கு விலக்கு கிடையாது. அவன் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து பெரிய மேஜையிலேயே சாப்பிடலாம். அம்மா அழுவாள், அப்பா பேசமாட்டார், அது வேறு. ஆனால் 21 வயதில் முழங்கால்படியிட்டு வாக்குக் கொடுத்து, 24 வயதில் கார் வாங்கியவனுக்குச் சின்ன மேஜைதான். பிள்ளைகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் சபையிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பதால், போகிற ஒருவரின் காலியிடம் அந்த வீட்டில் பெரிதாகத் தெரியும். ஞானஸ்நானம் பெறாத பெண்ணை ஊரே ஒதுக்குவதாக எழுதியிருந்தால் அந்த நாவலைப் பத்தாவது பக்கத்திலேயே மூடிவிடலாம்.

ஒதுக்குவது என்றதும் நம்மூர்ப் பஞ்சாயத்து ஊர்விலக்கு நினைவுக்கு வரும். கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல், சாவு வீட்டுக்குப் போகவிடாமல் செய்வது. மெய்டுங் என்று ஆமிஷ்காரர்கள் சொல்லும் இந்த விலக்கு அதுவல்ல. பேசலாம், நலம் விசாரிக்கலாம், உடம்பு சரியில்லை என்றால் ஓடிப்போய்ப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். கூடாதவை சில: ஒரே மேஜையில் சாப்பிடுவது, அவர் ஓட்டும் காரில் ஏறுவது, அவரோடு கொடுக்கல் வாங்கல், அவர் கையிலிருந்து நேராக எதையும் வாங்குவது. கொடுக்கலாம், வாங்கத்தான் கூடாது. ஊருக்கு ஊர் கடுமை மாறும். ஒஹாயோ, இந்தியானா பக்கம் பல இடங்களில், போனவர் மெனனைட் போன்ற இன்னொரு அனபாப்டிஸ்ட் சபையில் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால் விலக்கைத் தளர்த்துவார்கள். லேங்கஸ்டரில் அந்தச் சலுகை கிடையாது. கதை எந்தக் கவுண்டியில் நடக்கிறது என்பதை வண்டியின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம் (லேங்கஸ்டரில் சாம்பல், ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியில் கறுப்பு). ஆனால் அட்டையில் வண்டி நிறத்தைச் சரியாகப் போட்டவர்கள்கூட உள்ளே சபை விதியைக் கலந்தடித்துவிடுகிறார்கள்.

கணவன் விட்டுப்போன வீடுதான் இந்த வகைக் கதையில் கனமான விஷயம். ஆமிஷ் சபை விவாகரத்தை ஏற்பதில்லை. போனவன் கவுண்டி நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கலாம், தாள் தபாலில் வரலாம். அரசாங்கக் கணக்கில் அவள் தனி ஆள், சபைக் கணக்கில் மனைவி. அவன் உயிரோடிருக்கும்வரை அவளுக்கு மறுமணம் இல்லை. விதவைக்கு உண்டு. மனைவியை இழந்தவருக்கும் உண்டு, அது சர்வசாதாரணம். இவள் விதவையுமில்லை, சுமங்கலி என்று சொல்லவும் முடியாது. ஒருவேளை அவன் வெளியே வேறு பெண்ணைக் கட்டியிருந்தால் முடிச்சு இன்னும் இறுகும். அவன் மனம் மாறித் திரும்ப நினைத்தாலும் அந்த இரண்டாவது உறவோடு சபை அவனைச் சேர்த்துக்கொள்ளாது.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாத நாவலாசிரியர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. முப்பதாவது அத்தியாயத்தில் போனவனை லாரி விபத்தில் கொன்றுவிடுவார்கள். பக்கத்துப் பண்ணையில் மனைவியை இழந்த நல்லவர் ஒருவர் தயாராக இருப்பார், மூன்று குழந்தைகளோடு. இது சோம்பேறித்தனம். அவன் சாகாமல், திரும்பியும் வராமல், எங்கோ ஓர் ஊரில் கூரைத் தகடு அடித்துக்கொண்டு உயிரோடு இருப்பதுதான் கதை.

இதற்கு நடுவே காலை ஐந்து மணிக்கு மாடு கறந்தாக வேண்டும். நாற்பது மாடு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. லேங்கஸ்டரில் மின் இணைப்பு இல்லாவிட்டாலும் கறவை இயந்திரம் உண்டு. டீசல் எஞ்சின்தான் அதையும் பால் தொட்டியின் குளிரூட்டியையும் ஓட்டும். அந்த எஞ்சின் நின்றுபோனால் கறந்த பால் வீண். கணவன் போன மறுநாள் காலையில் அவள் அழுவதாக எழுதுவதைவிட, இதுவரை அவன் மட்டுமே தொட்ட எஞ்சினை அவள் கிளப்பப் பார்ப்பதாக எழுதினால் வாசகருக்கு எல்லாம் புரியும். சமூகம் சும்மா இருக்காது. கணவனின் அண்ணன் தம்பிகளே வந்து கறப்பார்கள். ஏழைகளுக்கான சபைப் பணம் டீக்கன் பொறுப்பில் இருக்கும், அது வரும். ஆமிஷ்காரர்கள் அரசின் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்தில் சேராமலிருக்க 1965-இலேயே சட்ட அனுமதி வாங்கியவர்கள், அந்தப் பக்கமிருந்து உதவி எதிர்பார்ப்பதில்லை. உதவி வர வர அவளுக்கு ஒரு கூச்சமும் வரும். கைவிடப்பட்டவளை யாரும் கைவிடாத ஊரில் தனிமை எப்படியிருக்கும்? நல்ல எழுத்தாளர் இங்கேதான் நாலு அத்தியாயம் நிற்பார்.

இப்போது மன்னிப்பு. ஆமிஷ் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தலை குனிந்து மௌனமாக ஜெபிப்பார்கள். எவ்வளவு நேரம் என்றால், பரமண்டல ஜெபம் ஒரு முறை மனதுக்குள் சொல்லி முடிக்கும் நேரம். சொந்த வார்த்தைகளில் உரக்க ஜெபிப்பது வழக்கமில்லை, நாவல்களில் கதாநாயகிகள் பக்கம் பக்கமாக ஜெபித்தாலும். அந்த ஜெபத்தில் ஒரு வரி: எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும். தமிழ் வேதாகமம் ‘கடன்’ என்றே சொல்கிறது. அவர்கள் ஜெபிக்கும் ஜெர்மனிலும் ‘ஷுல்ட்’ என்ற சொல்லுக்குக் கடன், குற்றம் என்று இரண்டு பொருளும் உண்டு. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இந்த ஜெபம் முடிந்தவுடனே, மனிதரை மன்னிக்காவிட்டால் பிதாவும் உங்களை மன்னிக்கமாட்டார் என்று வருகிறது. ஆமிஷ்காரர்கள் இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறார்கள். விட்டுப்போன கணவனை மன்னிக்காமல் காலையுணவுக்கு அவள் தலைகுனிய முடியாது. மதியத்துக்கும் முடியாது.

அதனால்தான் 2006-இல் உலகமே வியந்தது அவர்களுக்கு வியப்பாக இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி லேங்கஸ்டர் கவுண்டியின் நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் ஓரறைப் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் ஆமிஷ்காரர்கள் அவனுடைய குடும்பத்தைத் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ்காரர்கள். குவிந்த நன்கொடையில் அவன் மனைவி மக்களுக்கும் பங்கு போனது. பத்தே நாளில் அந்தப் பள்ளியை இடித்துப் புல்வெளியாக்கிவிட்டு, சம்பவம் நடந்து சரியாக ஆறு மாதத்தில், 2007 ஏப்ரல் 2-ஆம் தேதி, சற்றுத் தள்ளிப் புதுப் பள்ளி திறந்தார்கள்.

செய்தித்தாள்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டன. பிறகு நடந்ததுதான் எழுதுகிறவருக்கு வேண்டியது. பெற்றோர் ஆலோசகர்களிடம் போனார்கள். மன்னித்துவிட்டோம் என்று சொன்னதை ஒவ்வொரு காலையும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. தீர்மானம் ஒரு நாளில் வந்தது, உணர்வு அதன் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. கொலையாளியின் தாய், படுகாயத்தோடு பிழைத்த ஒரு சிறுமியின் வீட்டுக்குப் பல வருடம் வாரம் ஒருமுறை போய் அவளைக் குளிப்பாட்டி, கதை வாசித்து, பாடிவிட்டு வந்தார். அந்த வீட்டுக் கதவு அவருக்குத் திறந்தது மன்னிப்பு என்றால், வாரா வாரம் அவர் அந்தப் படியேறியதற்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும்.

கொலையாளி வெளியாள், வாக்குக் கொடுத்தவனில்லை. அதனால் மேஜைக் கேள்வியே எழவில்லை. சொந்தக் கணவன், சொந்த மகன் என்றால்தான் எழும். வெளியாளை மன்னிப்பது எளிது, வீட்டுக்காரரை மன்னிப்பதுதான் கஷ்டம் என்று ஆமிஷ்காரர்களே சொல்வதுண்டு.

அந்தக் கஷ்டத்துக்கு ஒரு காலண்டரும் உண்டு. வருடத்துக்கு இரண்டு திருவிருந்து, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. இரண்டு வாரம் முன்னால் ஓர்ட்னுங் கூட்டம். சபை ஒழுங்குகளை வாசித்து, எல்லோரும் தேவனோடும் ஒருவரோடொருவரும் சமாதானமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். ஒரு சபை என்பது இருபத்தைந்திலிருந்து நாற்பது குடும்பம், யார் யாரோடு பேசுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பிணக்குத் தீராவிட்டால் திருவிருந்தையே தள்ளிப்போடலாம். விருந்தன்று பாதம் கழுவும் சடங்கு, இருவர் இருவராக வாளித் தண்ணீருக்குக் குனிய வேண்டும். தான் கைவிடப்பட்டதற்குக் கணவனின் தாயே காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, அக்டோபர் நெருங்க நெருங்க வயிற்றில் என்ன நடக்கும்? கதையின் காலக்கெடுவை சபையே வகுத்துத் தந்திருக்கிறது. ஏன் இதைப் பயன்படுத்தாமல் பனிப்புயலையும் குதிரை மிரள்வதையும் தேடிப்போகிறார்கள் என்பது புரியவில்லை.

திரும்பி வருகிறவனுக்கு வழி திட்டவட்டமானது. முதலில் ஊழியர்களைப் பார்க்க வேண்டும், காரையும் வெளியுலக உடுப்பையும் விட வேண்டும், ஆராதனைக்கு வரத் தொடங்க வேண்டும். சாதாரணத் தவறுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே அறிக்கை, அடுத்தபடி முழங்கால்படியிட்டு அறிக்கை, பெரிய தவறென்றால் ஆறு வார விலக்கு. அந்த ஆறு வாரமும் ஆராதனைக்கு வரலாம், தலைகுனிந்து தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முடிவில் உறுப்பினர்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில் முழங்கால்படியிடுவான். பிஷப் கேள்வி கேட்பார், கைகொடுத்து எழுப்புவார், பரிசுத்த முத்தம் கொடுப்பார். பெண்ணாக இருந்தால் முத்தம் கொடுப்பவர் பிஷப்பின் மனைவி. அதன்பின் அந்த விஷயத்தை யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் எடுத்தவர் மீது குற்றம். சபைக்கு அது சௌகரியம். பன்னிரண்டு வருடம் தனியாக மாடு கறந்தவளுக்கு? அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும், சொல்லும் உரிமை அன்றோடு முடிந்தது. மன்னிப்பு பற்றிய ஆமிஷ் நாவல் ஒன்று நேர்மையாக எழுதப்பட்டால் இந்த வாயடைப்பையும் எழுதியிருக்கும்.

சின்னச் சின்னத் தப்புகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆமிஷ் சபைக்குக் கோயில் கட்டடம் கிடையாது, ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள், பெஞ்சுகள் வண்டியில் வந்திறங்கும். பிஷப்புக்குச் சம்பளமில்லை, சீட்டு விழுந்து தேர்வானவர், வாரநாளில் அவரும் மாடு கறக்கிறவர்தான். மணப்பெண் வெள்ளை கவுன் போடமாட்டாள், லேங்கஸ்டரில் நீலம்தான் அதிகம். கல்யாணத்தன்று உடுப்பின் மேல் கட்டும் வெள்ளை ஏப்ரனை எடுத்துவைத்து அவள் அடக்கத்துக்கு உடுத்துவார்கள். கணவன் விட்டுப்போன பெண்ணின் அலமாரியில் அந்த ஏப்ரன் மடித்தபடி இருக்கும். இதை ஒரே ஒரு முறை, ஒரே வரியில் காட்டினால் போதும்.

கடிதத்துக்குத் தடையில்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஆமிஷ் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்குள் சுற்றுக் கடிதம் உண்டு. ஒரு தடித்த உறை, அதில் பத்துப் பேர் கடிதம். கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் வாசித்து, போன தடவை தான் எழுதியதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் விலக்கப்பட்டால் உறை அவரிடம் போகுமா என்பதை அந்தந்தக் குடும்பம்தான் தீர்மானிக்கும். முகவரிப் பட்டியலில் ஒரு பெயரின் மேல் யாரோ பென்சிலால் கோடிழுத்திருக்கிறார்கள், இன்னொருவர் அதை அழித்திருக்கிறார். யார் இழுத்தது, யார் அழித்தது? ஒரு நாவலுக்கு இது போதும்.

இனி கல்யாணம். லேங்கஸ்டரில் அறுவடை முடிந்து, பெரும்பாலும் நவம்பரில், செவ்வாயோ வியாழனோ. முந்நூறு பேருக்கு மேல் சாப்பாடு, பந்தி பந்தியாக. ரொட்டித் துணுக்கோடு சேர்த்த கோழி, மசித்த உருளை, வெள்ளைக் குழம்பில் வெந்த செலரி. கல்யாணச் செய்தியை சபையில் அறிவிக்கும்வரை ரகசியமாக வைப்பார்கள், ஆனால் தோட்டத்தில் செலரி வரிசை வழக்கத்தைவிட நீண்டிருந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். அப்படியொரு வீட்டில் அம்மா கோடையிலேயே செலரி நட்டிருக்கிறாள். பத்து வருடத்துக்கு முன் போன அப்பா, சபைக்குத் திரும்பாமலே, மகள் கல்யாணத்துக்கு மட்டும் வந்திருக்கிறார். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சமையலறையை ஒட்டிய சின்ன மேஜையில், பக்கத்தில் இன்னும் ஞானஸ்நானம் பெறாத பேரப்பிள்ளைகளோடு உட்காரவைத்திருக்கிறார்கள்.

மகள் ஞானஸ்நானம் பெற்றவள், பெறாமல் சபையில் கல்யாணம் நடக்காது. மணமக்கள் உட்காரும் மூலை மேஜையிலிருந்து எழுந்து அவர் பக்கம் வருகிறாள். அவர் செலரிக் கிண்ணத்தை எடுத்து அவளை நோக்கி நீட்டுகிறார், பழக்கத்தில். நீட்டிய பிறகுதான் ஞாபகம் வருகிறது. அவள் கையை முன்னால் கொண்டுவரவில்லை, பின்னால் இழுக்கவுமில்லை. அவர் கிண்ணத்தை விரிப்பின் மேல் வைக்கிறார். விரல்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் கொண்டுவரட்டுமா, டாட்?” என்று பென்சில்வேனியா டச்சில் கேட்கிறாள்.